சவரிமுத்துவின் சைலன்ஸர்

போன செவ்வாய்க்கிழமை கண்டியில் தலதா வீதியைக் கடக்கும்போது ஒரு மோட்டார் சைக்கிள் என் கோட்டு நுனியை உரசிக்கொண்டு போனது. வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஓட்டி வந்த இளம் துரை கொஞ்சம் தள்ளி நிறுத்தி, திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, "புது மொடல். சத்தமே வராது பாருங்கள்" என்றார்.

மன்னிப்பும் பெருமையும் ஒரே மூச்சில்!

நானும் நின்று பார்த்தேன். தடித்த சைலன்ஸர், நுனியில் மீன் வால் போலத் தட்டையான குழாய். முன்பெல்லாம் வெளியே நின்று கடகடவென்று அடித்துக்கொண்டிருந்த வால்வுகளை இப்போது மூடி போட்டு எண்ணெய்க்குள் வைத்துவிட்டார்கள். எஞ்சின் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு மாற்றம் எப்படி வந்தது? எஞ்சின் செய்கிறவர்களுக்கு நம் காதுகள்மேல் திடீரென்று இரக்கம் பிறந்ததா? இல்லை. சட்டம் வந்தது. சீமையில் முதலில் வந்தது, பிறகு நம் ஊருக்கும் வந்தது. சத்தம் போட்டால் பொலிஸ் பிடிக்கும் என்றால் வண்டியை யார் வாங்குவார்? விற்க வேண்டுமானால் வாயை மூட வேண்டும் என்று கம்பெனிக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது.

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். கண்டி கோர்ட்டில் எனக்குத் துபாஷி வேலை. தமிழில் சாட்சி சொல்வதை இங்கிலீஷில் நீதவானுக்கும், நீதவான் கேட்பதைத் தமிழில் சாட்சிக்கும் சொல்ல வேண்டும். கொலை, களவு, காணிச் சண்டை என்று பல வித்தைகளை அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் படித்தேன். மோட்டார் சைக்கிளையும் அங்கேதான் படித்தேன்... சொல்லிக்கொடுத்தவர் சவரிமுத்து.

அப்போது சத்தச் சட்டம் புதிது. வண்டிகள் பழையவை. அந்தப் பழைய வண்டிகளில் கட்-அவுட் என்று ஒன்று இருக்கும். சைலன்ஸருக்கு முன்னால் குழாயில் ஒரு சின்னக் கதவு. லீவரைத் தட்டினால் கதவு திறக்கும். புகை சைலன்ஸருக்குள் போகாமல் நேராக வெளியே பாயும். சத்தமும் அப்படியே பாயும். கேட்டால், "மேட்டில் இழுக்காது ஐயா, சைலன்ஸர் எஞ்சினின் மூச்சைப் பிடிக்கிறது" என்பார்கள். அது முழுப் பொய்யுமில்லை. அந்தக் காலத்துச் சைலன்ஸர் என்பது ஓட்டை போட்ட டப்பாவுக்குள் இன்னொரு ஓட்டை போட்ட டப்பா. கண்டியோ எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடு. ஆகவே எல்லோரும் எப்போதும் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். இறக்கத்திலும்!

சவரிமுத்து கண்டியை ஒட்டிய மஹய்யாவக்காரர். நாற்பதைத் தாண்டிய மனிதர். கம்பளைப் பக்கத்தில் ஒரு தபால் கந்தோரில் தந்தி வேலை. விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் போவார், பொழுது சாய வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மனைவி பிலோமினாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார். குடி கிடையாது, சண்டை கிடையாது. அப்படிப்பட்டவர் கூண்டில் வந்து நின்றார்.

முறைப்பாடு கொடுத்தவள் அடுத்த வீட்டு ரெங்கம்மா. கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவள் சாட்சியத்தை மொழிபெயர்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"ராத்திரி பூரா அழுதுட்டு விடியப்போறப்பத்தாங்க புள்ள கண்ணு மூடுது. அந்த நேரம் பாத்து இவரு வண்டிய எடுக்குறாரு. தகரத்த படியில உருட்டிவிட்ட மாதிரி இருக்குங்க. எங்க வீட்டு ஓடே ஆடுது. நல்ல மனுசருதாங்க, இல்லேங்கல. நானும் எத்தனையோ தடவ கூப்பிட்டுச் சொல்லிப் பாத்தேன். திரும்பிக்கூடப் பாக்கல."

அடுத்து, வழக்குப் போட்ட பொலிஸ்காரர். நீதவான் அவரிடம், "சத்தம் அளவுக்கு மிஞ்சியது என்று எதை வைத்துச் சொல்கிறீர்? எதால் அளந்தீர்?" என்றார்.

"காதால்தான், துரை."

கோர்ட்டு சிரித்தது. நீதவானும் சிரித்தார். ஆனால் வேறு என்ன பதில் சொல்ல முடியும்? சட்டம் எழுதினவர்கள் அளவு மிஞ்சக்கூடாது என்று எழுதினார்களே தவிர, அளவு எது என்று எழுதவில்லை. அந்த வேலையைப் பொலிஸ்காரரின் இரண்டு காதுகளுக்கு விட்டுவிட்டார்கள்.

பிறகு சவரிமுத்துவின் முறை வந்தது. இங்கிலீஷ் படித்து, நாள் முழுக்க இங்கிலீஷில் தந்தி எழுதுகிற மனிதர் அவர். துபாஷிக்கு வேலை இல்லை என்று நான் ஒதுங்கப் போனேன்.

"தமிழில் கேட்டால் நல்லது, துரை" என்று அவர் இங்கிலீஷிலேயே சொன்னார்.

நீதவான் புருவத்தை உயர்த்தினார். ஆனால் அது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. நான் திரும்பி வந்து கூண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு எரிச்சல்தான். இங்கிலீஷ் தெரிந்திருந்தும் துபாஷி கேட்கிறவர்கள், பதில் யோசிக்க நேரம் பிடிப்பதற்காகக் கேட்கிறவர்கள். கேள்வி இரண்டு தடவை வரும் அல்லவா? கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டத் தொடங்கியது. கண்டி மழையும் கோர்ட்டு விறாந்தையின் தகரக் கூரையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் நீதவானோ வாய்க்குள்ளேயே பேசுகிறவர். அவர் கேட்பது எனக்கு விளங்கவில்லை. நான் சொல்வது எழுத்தருக்கு விளங்கவில்லை. ஆளாளுக்குக் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒருவர் மட்டும் ஒரு தடவைகூட "என்ன" என்று கேட்கவில்லை. சவரிமுத்து. நான் வாயைத் திறந்து மூடியதும் அவரிடமிருந்து பதில் வந்தது, சரியாக வந்தது.

எனக்கு ஆச்சரியம். இந்த இரைச்சலில் இவருக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது?

அடுத்த கேள்வியை நான் பாதி சொல்லும்போது, நீதவான் ஏதோ திருத்தினார். நான் அவர் பக்கம் திரும்பியபடியே மீதிக் கேள்வியைச் சொல்லி முடித்தேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். சவரிமுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. மழை அவருக்கு இடைஞ்சலே இல்லை. மழை பெய்வது அவருக்குக் கேட்கவே இல்லை.

நீதவான் கடைசியாக ஒரு கேள்வி போட்டார். அவரும் வண்டி வைத்திருப்பவர். "மேட்டில் இழுக்கவில்லை, அதனால் கட்-அவுட்டைத் திறந்தேன் என்கிறீர். உம்முடைய வீட்டு ஒழுங்கையிலிருந்து பெரிய ரோட்டுக்கு இறக்கம் என்று பொலிஸ்காரர் சொல்கிறார். இறக்கத்தில் ஏன் திறந்தீர்?"

நான் சவரிமுத்துவுக்கு நேரே நின்று, மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

"தப்புத்தாங்க. குத்தத்த ஒத்துக்கிறேன்."

அபராதம் விதித்தார்கள். கட்-அவுட்டை நிரந்தரமாக அடைத்து, புதுச் சைலன்ஸர் பூட்டி, வண்டியைப் பொலிஸில் காட்ட வேண்டும் என்றும் உத்தரவானது. வழக்கு முடிந்தது.

மதிய இடைவேளையில் விறாந்தையில் அவர் எனக்காகக் காத்திருந்தார். மழை விட்டிருந்தது.

"ஏன் தமிழ் கேட்டனீங்கள் எண்டு இப்பதான் விளங்குது" என்றேன். நான் வடக்கிலிருந்து வந்தவன். கோர்ட்டுக்கு வெளியே என் பேச்சு அப்படித்தான்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "தொர தூரத்துல ஒக்காந்திருக்காரு. உதட்டுல மீசை வேற மறைக்குது. நீங்க கிட்ட நிப்பீங்கன்னு தெரியும். அதான் ஐயா."

"எவ்வளவு காலமா இப்பிடி?"

"கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு. மொதல்ல வண்டி சத்தந்தான் கொறஞ்சிருச்சுன்னு நெனச்சேன். எஞ்சின் சத்தம் காதுல விழுந்தாத்தானே கியர் மாத்த முடியும்? அதுக்குத்தான் கட்-அவுட்ட தொறந்தேன். பெறகு அதுவும் பத்தல. குழாயில இன்னும் ரெண்டு ஓட்ட போட்டேன்..."

கேட்பதற்காகச் சத்தத்தைக் கூட்டினார். கூட்டிய சத்தம் மிச்சமிருந்த காதையும் தின்றது. இது அவருக்கும் தெரியாமல் இல்லை.

"தந்தி வேலை?"

அதற்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார். தந்தி என்பது கண்ணால் படிக்கிறது இல்லை, காதால் கேட்கிறது. மேசைமேல் ஒரு சின்னப் பித்தளைக் கருவி டக், டக்கென்று அடிக்கும். அந்த அடியைக் கேட்டுத்தான் எழுத்தாக எழுத வேண்டும். சவரிமுத்து கருவிக்குப் பின்னால் ஒரு காலி சிகரெட் டின்னைச் செருகி வைத்திருந்தார். தகரத்தில் பட்டால் டக்கென்ற அடி கொஞ்சம் பெரிதாகும். அதற்குமேல் விரல் நுனியை மேசையில் வைத்து அதிர்வைப் பார்ப்பார். பிழை வந்ததில்லை என்றார். சந்தேகம் வந்தால் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்பாராம்.

"காது போச்சுன்னு தெரிஞ்சா வேல போயிரும். வீட்டுலகூடச் சொல்லல. நீங்க வெளிய சொல்லிருவீங்களா ஐயா?"

நான் என்ன சொல்வேன்? "மற்ற ஆக்கள் சொல்லுறதைத்தான் நான் சொல்லுறனான். அதுதான் என்ர உத்தியோகம். எனக்கெண்டு சொல்ல ஒண்டும் இல்லை."

பேச்சு அழகாக இருந்தது. ஆனால் நேர்மையாகச் சொன்னால், அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது எனக்கு அது அவ்வளவு அழகாகத் தோன்றவில்லை. கம்பளைப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிறவர்களுக்கு இந்தியாவிலிருந்து தந்தி வந்தால் அது என்ன தந்தியாக இருக்கும்? யாரோ பிறந்திருப்பார்கள், அல்லது யாரோ செத்திருப்பார்கள். அதை ஒரு மனிதர் விரல் நுனியால் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்தவை அவரே என்னிடம் சொன்னவை. கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். போனேன். கதிரையை இழுத்து எனக்கு எதிரே, என் முகத்தில் வெளிச்சம் விழும்படி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மெக்கானிக் கட்-அவுட் கதவைப் பற்றவைத்து அடைத்துவிட்டார். புதுச் சைலன்ஸர் பூட்டினார். பொலிஸ் பார்த்துத் திருப்திப்பட்டது. ரெங்கம்மா இன்னும் திருப்திப்பட்டாள். பிறகொரு நாள், பேராதனையைத் தாண்டி ஓர் இறக்கத்தில் எஞ்சின் நின்றுபோய்விட்டது. வண்டி தன் பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. சவரிமுத்து கியர் மாற்றினார், திரொட்டிலைத் திருகினார், வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்தார். சமதரை வந்து வண்டி நின்றபோதுதான் செத்த எஞ்சினை இவ்வளவு நேரம் ஓட்டியிருக்கிறோம் என்று தெரிந்தது. ரோட்டோரத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்களாம். சிரிப்பு கண்ணில் தெரிந்தது என்றார்.

அதையும் சமாளித்தார். முழங்காலை டாங்கோடு அழுத்தி வைத்து, நடுக்கத்தைப் பார்த்து ஓட்டப் பழகினார்.

ஒரு நாள் காலை, கம்பளைக்குக் கொஞ்சம் முன்னால், மகாவலி ஆற்றில் வெள்ளம். பார்க்க ஆட்கள் கூடியிருந்தார்கள். இவரும் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தார். சேற்று நிறத்தில் தண்ணீர், வேரோடு மரங்கள், கல்லில் மோதி ஆள் உயரத்துக்கு எழும்பும் நுரை. பக்கத்தில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் காதில் வாய் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

"வண்டி சத்தம் போட்டுக்கிட்டு இருந்தவரைக்கும் எனக்கு ஒரு சாட்டு இருந்துச்சு ஐயா. யாராவது கூப்பிட்டுக் கேக்கலன்னா வண்டி சத்தம்னு நெனச்சுக்குவேன். கந்தோருக்கு வந்தும் கேக்கலன்னா, இப்பத்தானே வண்டியவிட்டு எறங்குனோம், காது அடச்சிருக்குன்னு நெனச்சுக்குவேன். அன்னைக்கு ஆத்தப் பாத்தேன். அவ்வளவு பெரிய ஆறு... சத்தமே இல்லாமப் போகுது."

அங்கிருந்து நேரே கந்தோருக்குப் போனார். முதல் தந்தி இந்தியாவிலிருந்து, ஒரு தோட்டத்துத் தொழிலாளிக்கு. தாயைப் பற்றியது. தாய் என்ற சொல் கிடைத்தது. அடுத்த சொல், சுகம் என்பதற்கான 'வெல்'லா, சுகமில்லை என்பதற்கான 'இல்'லா? இரண்டுக்கும் வால் ஒன்றுதான். தலைதான் வேறு. தலை பிடிபடவில்லை. திரும்ப அனுப்பச் சொன்னார். இன்னொரு தடவை சொன்னார். விரல் மேசையில்தான் இருந்தது. 'இல்' என்றுதான் பட்டது. பென்சில் அதை எழுதப் போனது.

எழுதவில்லை. எழுந்து போய்ப் போஸ்ட் மாஸ்டரைக் கூட்டிவந்து தன் கதிரையில் உட்காரவைத்தார். "நீங்க கேட்டுச் சொல்லுங்க சேர்" என்றார்.

போஸ்ட் மாஸ்டர் கேட்டார். 'வெல்' என்று எழுதினார். தாய் சுகம்.

"என்ன சவரிமுத்து, இதுகூடவா விளங்கல?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டாராம்.

"இல்லீங்க சேர். எனக்குக் காது கேக்கல. கொஞ்ச நாளா இல்ல, ரொம்ப நாளா."

போஸ்ட் மாஸ்டர் சிரிப்பை நிறுத்தினார். பின்னால் செருகியிருந்த டின்னைப் பார்த்தார். அன்றைய தந்திகளை எல்லாம் அவரே உட்கார்ந்து எழுதினாராம். மேலிடத்துக்குத் தகவல் போனது. பதில் வரும்வரை சவரிமுத்து சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார். வேலையைவிட்டு அனுப்பவில்லை. கண்டியிலேயே கடிதம் பிரிக்கிற வேலைக்குப் போட்டார்கள். பதவி குறைவுதான். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

பிலோமினா பலகாரத் தட்டோடு வந்தாள். வந்தவள் போகவில்லை. கதவில் சாய்ந்து நின்றாள்.

"எனக்கு அவரு காது போனது பெருசில்ல ஐயா. ரெண்டு வருசமா இந்த மனுசன் என்கிட்ட கோவிச்சுக்கிட்டு இருக்காருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். பின்னால நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. சமையக்கட்டுல இருந்து ஒண்ணு கேட்டா பதில் வராது. நான் என்ன செஞ்சேன், என்ன செஞ்சேன்னு யோசிச்சு யோசிச்சு... பூசையில அழுதிருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?"

கணவர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். தட்டிலிருந்து ஒரு கொக்கிஸை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். கோபம் தீர்ந்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் அங்கேயே, அவருக்கு நேரே, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ரெங்கம்மாவின் குழந்தை தூங்க வேண்டும். எஞ்சின் செய்கிறவர்களுக்கும் ஓர் அதட்டல் வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் இன்றைக்கும் டப்பாவுக்குள் டப்பா வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் கோர்ட்டில் இத்தனை காலம் நின்று நான் கண்டது ஒன்று உண்டு. சத்தம் போடுகிறவனைப் பார்த்து, "ஏன் போடுகிறாய்?" என்று நாம் கேட்பது கேள்வியே அல்ல. அது ஓர் அதட்டல். பதிலுக்காக நாம் நிற்பதில்லை. அன்று நீதவான் அந்தக் கேள்வியை ஒழுங்காகவே கேட்டார்... பதில் சொல்லத்தான் அந்த மனிதருக்குத் துணிவில்லை.

வண்டியை விற்கப்போவதாகச் சவரிமுத்து சொன்னார். பிறகு வாங்குவதற்குக் கம்பளையிலிருந்து ஒரு கடை முதலாளியின் மகன் வந்தானாம். சுற்றிச் சுற்றிப் பார்த்தான். டயரை உதைத்தான். ஏறி உட்கார்ந்தான். எல்லாம் பிடித்திருந்தது. கடைசியில், அடைத்துக் கிடந்த கட்-அவுட்டைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டான். சவரிமுத்து அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதத் திரும்பத் தொறந்து குடுப்பீங்களா?"

சவரிமுத்து அவனை வண்டியிலிருந்து மெதுவாக இறக்கிவிட்டு, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார். விற்கவில்லை.

வண்டி இன்னமும் அவர் வீட்டுப் பின்பக்கக் கொட்டிலில், மேலே ஒரு சாக்குப் போர்த்தி நிற்கிறது. கண்டிப் பகுதியிலேயே சத்தச் சட்டத்துக்கு முழுசாக அடங்கிய மோட்டார் சைக்கிள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்!